வெள்ளி நூலில் கறுப்பு வளையம்

வெள்ளி நூல் கறுத்துப்போனதற்குக் காரணம் நான்தான். அதைச் சொல்ல எனக்கு நாலு அடி நேரம் எடுத்தது. அந்த அடிகள் எனக்கு விழவில்லை.

உட்துறைமுக வீதியில் முன்பு அரிசி மூட்டை அடுக்கி வைத்த கட்டடம் ஒன்றில் எங்கள் வேலைத்தலம் இருக்கிறது. மேலே தகரம், கீழே சீமெந்து. கைப்பின்னல் மெசின் ஆறு, தையல் மெசின் இரண்டு. ஊருக்குள் ஆடு மாதிரித் திரியும் மான்கள் வாசலில் வந்து காட்போட் பெட்டிகளைத் தின்னும், நேரமிருந்தால் துரத்துவோம். கொழும்பிலுள்ள ஒரு கொம்பனிக்கு நெஞ்சுப்பட்டி பின்னிக் கொடுக்கிறோம். ஓட்டக்காரரும் இருதய நோயாளரும் சட்டைக்குள் கட்டிக்கொள்ளும் பட்டி அது. இருதயம் நிமிடத்துக்கு எத்தனை தரம் அடிக்கிறது என்று போனில் காட்டும்.

அதற்குத்தான் வெள்ளி நூல். பார்த்தால் சாம்பல் நிறத்தில் மினுங்கும் சாதாரண நூல். உள்ளே நைலோன். அதன் மேல் மெய்யான வெள்ளியை, கண்ணுக்குத் தெரியாத மெல்லிசாகப் பூசியிருப்பார்கள். விரலில் சுற்றினால் பட்டு மாதிரி வளையும். மின்சாரம் பார்க்கும் மீற்றரின் இரண்டு முனையையும் வைத்தால் கம்பியில் வைத்த மாதிரிக் கூவும். மின்சாரம் அதற்குள்ளால் ஓடும். பட்டியின் உட்பக்கத்தில் இந்த நூலால் பின்னிய இரண்டு சதுரங்கள் நெஞ்சுத் தோலில் ஒட்டி நின்று துடிப்பைப் பிடிக்கும்.

பிளாஸ்ரிக் கூம்பில் சுற்றி வரும் நூல் கோன்களைப் பாதுகாப்பதும், பின்னி வந்த பட்டிகளை மீற்றரால் பார்ப்பதும் என் வேலை. ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு பட்டியை எடுத்து நானே சட்டைக்குள் கட்டி, போனை மேசையில் வைத்துச் சரியாக எண்ணுகிறதா என்று பார்க்க வேண்டும். என் எண் எப்போதும் நூறுக்கு மேலேதான். முதலில் பட்டியில் பிழை என்று நினைத்தார்கள். பக்கத்தில் தையல் மெசினில் இருக்கும் முஸ்லிம் அக்கா, எங்கள் கிண்ணியா ராத்தா, அதே பட்டியைக் கட்டினா, எழுபத்திரண்டு காட்டியது.

"பட்டியில ஒண்டும் இல்ல புள்ள," என்றா. "உன்ட நெஞ்சுதான் பொலிசுக்குப் பயந்த களவாணி மாதிரி ஓடுது. நீ என்னத்தக் களவெடுத்த?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். போனில் நூற்றுப் பதினெட்டு.

பயப்படுவது எனக்குப் பழக்கம். ஏழாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் கரும்பலகை துடைக்கும் கட்டையால் என் இடது காதில் அடித்தார். கன்னத்துக்கு ஓங்கியது, நான் தலையைத் திருப்பியதால் காதில் பட்டது. காதுக்குள் ஏதோ கிழிந்தது. இரண்டு நாள் தண்ணீர் மாதிரி வடிந்து, பிறகு அந்தப் பக்கம் சத்தமே நின்றுபோனது. நான் பள்ளிக்கூடம் போகவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. ஷெல் விழுந்துகொண்டிருந்த ஊரில் ஒரு பிள்ளையின் காதை யார் தேடுவார்கள். பிறகு கலியாணம் கட்டியவன் ஹெல்மெற்றால் அடிப்பவன். ஒன்பது வருஷம் அவனோடு இருந்தேன். மகளையும் ஒரு சூட்கேசையும் எடுத்துக்கொண்டு நான் வெளியே வந்த அன்று அவன் தடுக்கவில்லை. நித்திரையாக இருந்தான்.

இப்படி வளர்ந்தவளுக்கு, ஒருவர் அடிக்கப் போகிறார் என்பது அடிக்கு முன்னமே தெரிந்துவிடும். வாத்தியார் சோக்குக் கட்டியை வைத்துவிட்டுக் கையைத் தட்டுவார். கட்டியவன் குசினி யன்னலைச் சாத்துவான். எங்கள் சின்னவர் கையில் கட்டிய மணிக்கூட்டைக் கழற்றுவார்.

சின்னவர் என்று நாங்கள் சொல்வது முதலாளியின் தம்பியை. முதலாளி கணக்கு வழக்கு, கொழும்புப் பயணம் என்று திரிவார். வேலைத்தலத்தில் நிற்பது சின்னவர். பின்னேரங்களில் இறங்குதுறையில் தூண்டில் போடுவார். விரிகுடாவில் யாராவது டைனமைற் போட்டு மீன் அடித்தால் எங்கள் தகரம் அதிரும். அப்போதெல்லாம் அவர் நேரத்தைப் பார்த்து, "இண்டைக்குப் பிந்தி எழும்பியிருக்கிறாங்கள்" என்பார். நல்ல பகிடிக்காரர். கை நீட்டாத நாட்களில் அவரோடு கதைத்துக்கொண்டிருக்கலாம்.

ஒருநாள் ஒரு கோனிலிருந்து நூல் சரிந்து சிக்குப்பட்டது. வெள்ளி நூல் வழுக்கும். சரிந்தால் வலை மாதிரி ஆகிவிடும், பிரிக்க முடியாது. சின்னவர் மணிக்கூட்டைக் கழற்றி மேசையில் வைத்தார். நான் பின்னால் நகர்ந்தேன். அவர் கோனைத் தூக்கி எறிந்தது எனக்குத்தான்; பட்டது ராத்தாவின் புருவத்தில். பிளாஸ்ரிக் விளிம்பு வெட்டி இரத்தம் முகத்தால் இறங்கி, அவ தைத்துக்கொண்டிருந்த பட்டியில் சொட்டியது. சின்னவர் பதறிப்போனார். "ஐயோ ராத்தா, உங்களுக்கில்லை" என்றார். ராத்தா முந்தானையால் புருவத்தைப் பொத்திக்கொண்டு, "அப்ப சரி" என்றா.

அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனை. கோன் சரியக் கூடாது. இனி ஒரு கோனும் சரியக் கூடாது.

மத்தியானம் எல்லாரும் கடையில் சோற்றுப் பார்சல் எடுப்போம். ஒவ்வொரு பார்சலுக்கும் ஒரு றப்பர் பான்ட் போட்டிருப்பார்கள். அவற்றை எறியாமல் சேர்த்தேன். கழுவி, யன்னல் கம்பியில் கொழுவிக் காயவைத்தேன். ஒவ்வொரு கோனுக்கும் நடுவில் ஒன்று, பெரிய கோனுக்கு இரண்டு. நூல் அசையாமல் நின்றது. பிறகு உப்புக் காற்றை நினைத்துப் பயந்தேன். துறைமுகக் காற்று பூட்டையே தின்னும். ஆகவே றப்பர் போட்ட ஒவ்வொரு கோனையும் பொலித்தீன் பையில் இட்டு, பையின் வாயை மெழுகுதிரிச் சூட்டில் ஒட்டி, அலுமாரிக்குள் அடுக்கினேன். அதன் மேல் தகரத்தின் வெக்கை. முதலாளி ஒருநாள் அலுமாரியைத் திறந்து பார்த்து, "உங்களை மாதிரிப் பொறுப்பா ஆர் செய்வினம்" என்றார். அன்று மட்டும் என் எண் நூறுக்குக் கீழே, தொண்ணூற்றாறு.

மழைக்காலம் இரண்டு மாதம் கொம்பனியிடமிருந்து வேலை வரவில்லை. கோன்கள் அப்படியே இருந்தன. வேலை வந்ததும் எடுத்துப் பின்னக் கொடுத்தேன். நூல் இலேசாக மஞ்சள் பாரித்த மாதிரி இருந்தது. மீற்றர் கூவியது, அனுப்பினோம்.

பின்னியது ஈச்சிலம்பற்று ஊரிலிருந்து வரும் ஒரு தம்பி. முப்பது வயதிருக்கும். எங்களிடம் இருந்த பின்னல்காரரில் அவன் கைதான் சுத்தம். மெசினில் வரிசையாக ஊசிகள் நிற்கும்; அவற்றின் மேல் இரும்புப் பெட்டி ஒன்று இடமும் வலமுமாக ஓடும். அதை வண்டி என்போம். அவன் வண்டியைத் தள்ளும் சத்தம் மாத்திரம் தனியாகத் தெரியும், ஒரே சீராக. அவனுக்குக் கட்டார் நாட்டில் வேலை சரிவந்திருந்தது. குற்றம் ஒன்றும் இல்லையென்று பொலிஸ் தரும் ரிப்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருந்தான். அது பிழையில்லாமல் வந்தால் மூன்று கிழமையில் பயணம். சின்னச் சண்டையென்றாலும் பொலிசில் ஒரு முறைப்பாடு விழுந்தால் எல்லாம் முடிந்தது என்று ஏஜென்சியில் சொல்லியிருந்தார்களாம். அவன் சைக்கிளில் வரும்போதுகூட ஓரமாகத்தான் வந்தான்.

"அக்கா, இந்த மூண்டு கிழமைக்கும் நானும் உங்களை மாதிரித்தான்," என்றான் ஒருநாள். "நிழலைக் கண்டாலும் பயமாக் கிடக்கு."

"என்னை மாதிரி வராதே," என்றேன்.

பிறகு ஒருநாள் காலை பத்து மணியளவில் முதலாளி கொழும்பிலிருந்து வந்து இறங்கினார். கையில் ஒரு பெட்டி. நாங்கள் அனுப்பிய பட்டிகள். மேசையில் கொட்டினார். வெள்ளிச் சதுரங்கள் கறுத்திருந்தன, அடுப்புக் கரி தடவிய மாதிரி. சிலவற்றில் கறுப்பு கோடு கோடாக விழுந்திருந்தது.

"நாங்கள் தந்த நூலோ இதெண்டு கேட்கிறாங்கள்," என்றார். "தலையைக் குனிஞ்சுகொண்டு வந்தனான். அலுமாரியைத் திறவுங்கோ."

திறந்தேன். பைகளைக் கிழித்துக் கோன்களை வெளியே எடுத்து வைத்தார். கடைசியாக வந்திருந்த நாலைந்தைத் தவிர மற்றதெல்லாம் கறுப்பு. அவர் எடுக்க எடுக்க றப்பர் பான்ட்கள் கழன்றும் அறுந்தும் விழுந்தன. யாரும் அவற்றைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். ஒரு பெரிய கோன் என் பக்கம் உருண்டு வந்து நின்றது. அதன் இடுப்பில் இரண்டு வளையம், மற்ற இடங்களைவிடக் கன்னங்கரேலென்று. பார்சல் றப்பரின் அதே அகலம். நான் போட்ட அதே இடம்.

என் மகளின் வெள்ளிக் கொலுசு இரண்டையும் ஒருமுறை றப்பர் பான்ட் போட்டு மேசை லாச்சிக்குள் வைத்திருந்தேன். கறுத்துப்போய்விட்டது. நகைக்கடைக்காரர் மினுக்கித் தரும்போது, "றப்பரோட வெள்ளியை வைக்காதீங்கோ தங்கச்சி, றப்பரில கந்தகம் இருக்கு" என்று சொன்னார். கேட்டேன், தலையாட்டினேன். கொலுசைப் பிறகு பஞ்சில் சுற்றி வைத்தேன். ஆனால் இது எனக்கு நூல். நூலைக் கொலுசோடு சேர்த்து நினைக்க எனக்கு வரவில்லை.

முதலாளி சொன்னார்: "இது வெள்ளி இல்லை. ஆரோ மாத்தியிருக்கிறான். வெள்ளி நூலை எடுத்துப்போட்டுச் சாம்பல் நூல் சுத்தி வைச்சிருக்கிறான்."

சின்னவர் மெதுவாக மெசின்கள் பக்கம் திரும்பினார். "ஊரை விட்டுப் போறவன் ஆர்?" என்றார்.

அவ்வளவுதான். யாரும் பெயர் சொல்லவில்லை. எல்லாருடைய கண்ணும் ஈச்சிலம்பற்றுத் தம்பியிடம் போனது. சின்னவர் அவனுடைய பையை ஆணியிலிருந்து எடுத்துக் கவிழ்த்தார். சாப்பாட்டுப் பெட்டி, ஒரு மாற்றுச் சேட், கடவுச்சீட்டின் போட்டோப் பிரதி, பிறகு ஒரு சின்னப் பொலித்தீனில் வெள்ளி நூல் கழிவு, ஒரு பிடி.

"இதென்னடா?"

"தூண்டிலுக்கு எடுத்தது. கழிவுதானே. உங்களுக்கும் கட்டித் தந்தனான்," என்றான் தம்பி.

அது உண்மை. தூண்டில் முள்ளில் வெள்ளி நூலைக் குஞ்சமாகக் கட்டினால் தண்ணீருக்குள் சின்ன மீன் மாதிரி மினுங்கும். பாரை வந்து கடிக்கும். போன கிழமை சின்னவர் பிடித்த பாரையின் படம் எங்கள் எல்லாருடைய போனிலும் இருந்தது. அவன் அதைச் சொன்னதுதான் பிழையாகப் போனது. சின்னவர் மணிக்கூட்டைக் கழற்றினார்.

முதலாவது அடி கன்னத்தில். திறந்த கை. தம்பி கதிரையோடு சரிந்தான்.

நான் வாயைத் திறந்தேன். திறந்தது நினைவிருக்கிறது, சத்தம் வரவில்லை. மாதிரிப் பட்டி அப்போதும் என் சட்டைக்குள் இருந்தது. மேசையில் போன் நூற்று நாற்பத்தொன்று காட்டியது. முதலாளி அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இப்போது கேட்பார், கேட்டால் சொல்லிவிடுவேன் என்று நினைத்தேன்.

"இவவுக்கு எப்பவும் இப்பிடித்தான்," என்று போனைக் கவிழ்த்து வைத்தார். "நீங்கள் போய்த் தண்ணி குடியுங்கோ."

நான் போகவில்லை. அங்கேயே நின்றேன்.

இரண்டாவது, கோனால் வாயில். உதடு பல்லில் வெட்டுப்பட்டது. "எங்க குடுத்தனி? எந்தக் கடையில உருக்கினவங்கள்?" "நான் எடுக்கேல்ல அண்ணை." "அண்ணையோ? களவெடுக்கேக்க அண்ணை இல்லையோ?" முதலாளி வெளியே போய்ப் போனில் பொலிசுக்குக் கதைப்பது கேட்டது. "ஓம் சேர், களவு. ஓம், ஆள் இஞ்சதான் நிக்கிறான்." தம்பிக்கும் அது கேட்டது. அதுவரைக்கும் அடிக்குக் கையைத் தூக்காமல் நின்றவன் அப்போதுதான் வாசல் பக்கம் ஓடப் பார்த்தான்.

மூன்றாவது விலாவில். பின்னல் கீழ்நோக்கி இழுபடத் தொங்கவிடும் ஈயக் கட்டை ஒன்று சின்னவரின் கையில் இருந்தது. தம்பி மடிந்து மெசினின் மேல் விழுந்தான். மூச்சு எடுக்க முடியாமல் ஆட்டுக்குட்டி மாதிரி ஒரு சத்தம். நான் அடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். இதோடு நிற்கும், இதோடு நின்றால் நான் சொல்லத் தேவையில்லை, இது மூன்று, மூன்றோடு யாரும் நிறுத்துவார்கள். கட்டியவன் அனேகமாக மூன்றோடு நிறுத்துவான்.

சின்னவர் அவனுடைய வலது கையைப் பிடித்து, ஊசிவரிசையின் மேல் விரல்களை விரித்து அழுத்தினார். மற்றக் கையால் வண்டியைத் தள்ளினார்.

அது தள்ளிய வேகத்தில் போகவில்லை. விரலில் ஏறி, நின்று, பிறகு இறங்கியது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும். ஊசி முனைகளில் தோல் மாட்டி இழுபட்டது. தம்பி போட்ட சத்தத்தில் வாசலில் நின்ற மான்கள் ஓடின. வண்டியைத் திரும்பத் தள்ளுவதற்குச் சின்னவர் கைப்பிடியை மாற்றிப் பிடித்தார்.

"றப்பர் பான்ட்," என்றேன்.

"என்ன?"

"நான்தான். றப்பர் பான்ட். நான் போட்டது. வெள்ளி றப்பரால கறுக்கும். அவன் எடுக்கேல்ல. விடுங்கோ அவனை. நான்தான் போட்டனான்."

ஒருவருக்கும் விளங்கவில்லை. கீழே விழுந்து கிடந்த ஒரு றப்பரை எடுத்து அந்தப் பெரிய கோனில் போட்டுக் காட்டினேன். றப்பர் இரண்டு தரம் கழன்றது. மூன்றாம் தரம் கறுப்பு வளையத்தின் மேல் போய் அப்படியே அமர்ந்தது. சின்னவர் கிட்டவந்து குனிந்து பார்த்தார். கோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என் வலது காதில் அறைந்தார். கேட்கிற காது. ஒரு நிமிடம் முழு வேலைத்தலமும் தண்ணீருக்குள் போன மாதிரி இருந்தது.

திரும்பச் சத்தம் வந்தபோது ராத்தா எனக்கும் அவருக்கும் நடுவில் நின்றா. கையில் துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோல்.

"இன்னொருக்காக் கைய நீட்டுங்க தம்பி," என்றா சின்னவரிடம். சத்தம் உயரவில்லை. "புருவத்துக்கு நான் ஒண்டும் பேசல்ல. கேக்க ஆளில்ல எண்டு நெனச்சீங்களா. நீட்டுங்க."

சின்னவர் நீட்டவில்லை. மேசையில் மணிக்கூட்டைத் தேடினார்.

முதலாளி உள்ளே வந்து மெசினைப் பார்த்தார். ஊசிவரிசையில் இரத்தம் நூலோடு சேர்ந்து கட்டியிருந்தது. தம்பி கையை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்தான். ஒரு நகம் இல்லை. நான் றப்பர் கதையை இரண்டாம் தரம் சொன்னேன். முதலாளி அதைக் கேட்டு முடிக்கக்கூட இல்லை. வெளியே பொலிஸ் மோட்டார்சைக்கிள் வந்து நின்றது. அவர் நிலத்தில் இருந்த தம்பிக்கு முன்னால் குந்தினார்.

"இஞ்ச பார். நீ களவெடுக்கேல்ல எண்டு எனக்கு இப்ப தெரியும். ஆனா இவன் செய்ததை நீ சொன்னா அது கேசு. கேசெண்டா உன்ர பேரும் அதில வரும், நீதிமன்றம் வரும், கட்டார் வராது. மெசினில கை மாட்டினதெண்டு சொல்லு. களவெண்டு சொன்னது என்ர பிழை எண்டு நான் சொல்லுறன். ரெண்டும் இப்பவே முடிஞ்சிடும்."

தம்பி என்னைப் பார்க்கவில்லை. ராத்தாவைப் பார்த்தான். ராத்தா கத்தரிக்கோலை மேசையில் வைத்தா.

பொலிஸ்காரர் நன்றாகத் தமிழ் கதைத்தார். கறுத்த பட்டிகளையும், நிலத்தில் இருந்தவனையும், என் கன்னத்தையும் பார்த்தார். "கைக்கு என்ன?" என்று கேட்டார்.

"மெசினில மாட்டினது சேர்," என்றான் தம்பி, வீங்கிய உதட்டால்.

"வாய்க்கு?"

"விழுந்திட்டன்."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க பக்கத்திலதானே நிண்டீங்க. மெசின்தானா?"

உண்மை சொல்ல நாலு அடி எடுத்த எனக்குப் பொய் சொல்ல மூச்சு விடும் நேரம்கூட எடுக்கவில்லை. "ஓம் சேர், மெசின்தான்," என்றேன். வலது காது கூவிக்கொண்டிருந்ததால் என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது. அவர் முறைப்பாட்டுக் கொப்பியைத் திறக்காமலே போய்விட்டார்.

ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் அவனை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். வெளிநோயாளர் பகுதியில் ஒரு நீள வாங்கில் நெடுநேரம் குந்தியிருந்தோம். என் சீலைத் துண்டு அவன் கையில் சுற்றியிருந்தது.

"அக்கா," என்றான். "உங்களுக்கு எப்ப விளங்கினது? றப்பர் எண்டு."

நாலாவது அடியில் என்று சொல்லியிருக்கலாம். அவனுக்கு அதை அறிய வேறு வழியில்லை.

"முதல் அடிக்கு முன்னமே," என்றேன்.

அவன் எழும்பிப் போய் அடுத்த வாங்கில் இருந்தான். பெயர் கூப்பிடும்போது நான் எழும்பினேன். இருங்கோ என்று இடது கையால் காட்டிவிட்டுத் தனியே உள்ளே போனான்.

பொலிஸ் ரிப்போர்ட் பிழையில்லாமல் வந்தது. விலா எலும்பில் வெடிப்பு மட்டும்தானாம். அவன் கொழும்புக்கு விசா நிலையத்துக்குப் போனான். அங்கே பத்து விரலையும் கண்ணாடியில் வைத்து ரேகை அடையாளம் எடுப்பார்களாம். எட்டு விரல் பதிந்தது. இரண்டு பதியவில்லை. விரலில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தும் வைத்துப் பார்த்தானாம்; தையலும் பொருக்கும்தான் கண்ணாடியில் தெரிந்ததாம். ஆறின பிறகு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கட்டார்க்காரர் அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை. அந்த வேலைக்கு ஏஜென்சி வேறு ஒருவனை அனுப்பியது.

கொழும்பு பஸ்ஸால் இறங்கின காலையிலேயே நேரே வேலைத்தலத்துக்கு வந்தான். நான் மேசையில் மீற்றரோடு நின்றேன். அவன் வரும் விதத்திலேயே எனக்குத் தெரிந்தது. நான் விலகவில்லை. தலையைத் திருப்பவும் இல்லை. இடது கையால் அடித்தான், ஒரே ஒரு அடி, கன்னத்தில். பழக்கமில்லாத கை, பட்டும் படாமலும் வழுக்கிப் போனது. அதற்கே அவனுக்கு அழுகை வந்துவிட்டது. சின்னவர் தையல் மெசின் பக்கம் நின்று அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு வெளியே போனார்.

பிறகு அவன் முதலாளியிடம் போய், "வேலைக்கு வந்திருக்கிறன்," என்றான். அவர், "மெசின் அங்கதான் கிடக்கு," என்றார்.

நானும் விடவில்லை அந்த வேலையை. ஏழாம் வகுப்புக்காரிக்கு வேறு எங்கே மீற்றர் தருவார்கள். கொம்பனி புது நூல் அனுப்பியது. இப்போது கோன்களைப் பருத்தி நாடாவால் கட்டுகிறேன். காலையில் ஒருமுறை, போகும்போது ஒருமுறை அவிழ்த்துப் பார்த்து, திரும்பக் கட்டுகிறேன். சின்னவர் மணிக்கூடு கட்டுவதை விட்டுவிட்டார். அது எனக்கு முன்பைவிடப் பயம். இனி எப்போது என்று தெரியாது.

தம்பி என் கையால் கோன் வாங்குவதில்லை. மேசை விளிம்பில் வைத்துவிட்டு நான் விலக வேண்டும். பிறகு வந்து எடுப்பான். இடது கையால் வண்டியைத் தள்ளப் பழகிவிட்டான். பழைய சீர் இல்லை; இடப்பக்கம் போகும்போது இழுபடும், வலப்பக்கம் வரும்போது துள்ளும். கதைப்பதென்றால் ராத்தாவிடம் சொல்லுவான். "ராத்தா, நூல் முடியுதெண்டு சொல்லுங்கோ." ராத்தா நாலடி தூரத்தில் இருக்கும் என்னிடம், "நூல் முடியுதாம் புள்ள," என்பா.

இப்போது வேறு ஒரு நாட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறான். மறுபடி விரல் வைக்க நாள் குறித்திருக்கிறார்கள். இது ராத்தா சொல்லித்தான் தெரியும். அன்றிலிருந்து என் கண் அவன் கையில்தான். பொருக்கு விழுந்தது. பிறகு சிவப்பாக இருந்தது. பிறகு வெளிறியது. தூரத்திலிருந்து அதற்குமேல் ஒன்றும் தெரியாது.

போன கிழமை கோனை மேசை விளிம்பில் வைத்துவிட்டு விலகினேன். அவன் எழும்பி வந்தான். கோனை எடுக்கவில்லை. வலது கையை எனக்கு முன்னால் நீட்டினான், உள்ளங்கை மேலே.

"நீங்கள் மீற்றரால பார்க்கிறவ," என்றான். "சின்னப் பிழையும் உங்களுக்குத் தெரியும். பார்த்துச் சொல்லுங்கோ, ரேகை வந்திட்டுதோ?"

யன்னல் வெளிச்சத்துக்குக் கையைத் திருப்பச் சொன்னேன். தொடவில்லை. குனிந்து பார்த்தேன். ஆள்காட்டி விரலில் ஓரமாக, மிக மெல்லியதாக, இரண்டு மூன்று கோடுகள் வளைந்து தொடங்கியிருந்தன. நடுவிரலின் நுனி வழவழவென்று, கழுவின பீங்கான் மாதிரி இருந்தது.

"இதில கொஞ்சம் வருது," என்றேன். "இதில இல்லை."

"இனி வருமோ?"

"தெரியாது தம்பி."

கையை எடுத்தான். கோனையும் எடுத்துக்கொண்டு போய் மெசினில் மாட்டினான். வண்டி இடப்பக்கம் இழுபட்டுப் போனது.